ஊதா முதலில் வெளுக்கும்

செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டிய தாள்.
எண்ணெய் தொட்டுத் தேய்க்கிறாள் ஒகினு.
தாள் நூலாய் உருண்டு போக
கோடு மட்டும் மரத்தில் தங்குகிறது.
இனி ஓவியன் வரைந்த படம் உலகில் இல்லை.
கத்தி தவறினால் உமேயாவும் இல்லை.

கன்பேய்க்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.
உடையை, திரைச்சீலையைப் பட்டறைப் பையன்கள் செதுக்கலாம்,
தலைமயிர் அப்படியல்ல.
நெற்றியோரம் ஒரு நெல்லின் அகலத்துக்குள்
பதினொரு இழை.
"நீயே முடித்துவிடு, யாருக்கும் தெரியாது" என்றான்.
யாருக்கும் தெரியாமல்தான்
ஆறு ஆண்டாக முடித்து வருகிறாள்.

கசெகாவா உமேயா:
மேடையிலிருந்து இறங்கிய பின்னும்
பெண்ணுடையிலேயே வீடு திரும்பும் ஆண்.
மழித்த முன்தலை மேல் ஊதாப் பட்டுத்துணி.
அது மறைக்கிறதா, காட்டிக்கொடுக்கிறதா,
எதோ நகரத்தில் இன்னும் தீராத வழக்கு.
அரிசி வியாபாரிகள் படத்தை வாங்குகிறார்கள்.
அவர்கள் மனைவிமாரும் வாங்குகிறார்கள்.
ஒரே வீட்டில் இரண்டு பிரதி,
ஒன்று கணக்கேட்டின் நடுவில்
மற்றது முகக்கண்ணாடிப் பெட்டியின் அடியில்.

இங்கே என் மொழி என்னை மடக்குகிறது.
அவர்கள் பேச்சில் வினைக்குப் பால் இல்லை,
யாரென்று சொல்லாமலே வரலாம், போகலாம்.
எனக்கோ வாக்கியம் முடிய
ஒரு ‘ன்’ வேண்டும், அல்லது ஒரு ‘ள்’.
‘ர்’ போட்டால்
மரியாதை வந்துவிடுகிறது, ஆசை போய்விடுகிறது.

போன மழைக்காலம், சகாய் தெரு,
உதட்டுச் சாயம் விற்கும் கடை.
விரல்நுனியில் சிவப்பைச் சோதித்தபடி உமேயா.
வாசலில் ஒகினு, கக்கத்தில் குடை,
இரண்டு கையிலும் பொட்டலம்.
அவிழ்ந்து விழுந்த மயிர்க்கற்றையைப்
பல்லில் கவ்விக்கொண்டாள்.
வேறு வழியில்லை, அவ்வளவுதான்.
உமேயாவின் விரல் ஒரு கணம் நின்றது.

மறுமாதம் மேடையில்
காதலன் வராத இரவுக் காட்சி.
அதே கற்றை. அதே பல்.
கொட்டகை மூச்சடக்கியது.
அதற்கடுத்த மாதம் ர்யோகொகு பாலத்தில்
பொட்டலமே இல்லாத பெண்கள்
மயிரைக் கவ்வியபடி நடந்தார்கள்.
கன்பேய்கூடச் சொன்னான், கஞ்சியை ஊதிக்கொண்டே:
"பெண் என்றால் அப்படி நிற்கவேண்டும்.
நீயும் பார்த்துக் கற்றுக்கொள்."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
களவு போன கோபமா? அதுவும் இல்லை.
அவளை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.
தன் உடல் இன்னோர் உடலுக்குள் போய்
தன்னைவிட அழகாய்த் திரும்பி வந்ததைக் கண்டவளுக்கு
உமேயாவைத் தொடவேண்டுமா
உமேயாவாக வேண்டுமா என்று
பிரித்து எடுக்கும் கத்தி
பட்டறையில் இல்லை.

அச்சுப்பலகையில் எல்லாமே இடவலம் மாறியிருக்கும்.
கிமோனோவின் வலப்புறம் மேலே மடிந்திருக்கும்,
பிணத்துக்கு உடுத்துவதுபோல.
தாளை வைத்துத் தேய்த்து உரித்தால்தான்
உயிரோடு இருப்பவரின் மடிப்பு.
எத்தனையோ முறை பார்த்ததுதான்.
இன்று மட்டும் கொஞ்சம் பயம்.

பதினோராவது இழை முடிந்தது.
கத்தியைத் துடைத்தாள், வைக்கவில்லை.
மரத்தில் ஒரு கோட்டைச் சேர்ப்பதென்றால்
அந்த இடத்தை வெட்டாமல் விடுவது.
படத்தில் இல்லாத பன்னிரண்டாவது இழையை
வெட்டாமல் விட்டாள்,
காதோரம் இறங்கி
உதட்டுக்குள் போகும்படி.

தணிக்கை முத்திரை விழுந்தது. யாரும் கேட்கவில்லை.
மூலையில் ஓவியன் பெயர்,
கீழே பதிப்பாளர் குறி.

பிசகிய பிரதி ஒன்று அவளுக்குக் கிடைத்தது.
அரிசிப் பானைக்கு மேல், வெயில் படும் சுவரில் ஒட்டினாள்.
ஊதா முதலில் வெளுத்தது.
இரண்டாம் கோடைக்குள்
துணி இருந்த இடம் வெறும் தாள்.
மறைத்ததும் காட்டியதும் ஒன்றாகப் போயிற்று.

மை போகவில்லை.
பல்லிடுக்கில் அந்த ஒற்றை இழை,
இப்போதுதான் மழையில் நனைந்து வந்ததுபோல.